சாமி படத்துக்குக் கீழே ஒரு ஃபோன்

போன மாதம் ஜெயபால் வீட்டுக்கு வந்திருந்தார். அரியமங்கலத்தில் சின்னதாக வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். நான் வேலையில் இருந்த காலத்திலிருந்தே பழக்கம். ஸ்ரீரங்கம் கோயிலுக்கு வந்தேன், அப்படியே உங்களையும் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். காரியம் இல்லாமல் எவரும் வாழைப்பழத்தோடு வருவதில்லை என்பது என் அனுபவம். காபியைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பாதி காபியில் விஷயம் வெளியே வந்தது.

“அக்கா, பெரிய கம்பெனிக்காரங்க புதுசா ஒரு தொல்லை குடுக்கறாங்க. அவங்க போர்ட்டலுக்குள்ள போகணும்னா பாஸ்வேர்டு மட்டும் போதாதாம். ஓ.டி.பி.யும் போடணுமாம். பட்டறையில ஆறு பேர் உள்ள போறாங்க. ஆறு நம்பருக்கு நான் எங்க போறது? என் மச்சான் நம்பரையே ஆறு பேருக்கும் குடுத்துடலாம்னு பார்க்கறேன். தப்பில்லையே?”

டம்ளரை அவர் கையிலிருந்து பிடுங்காத குறைதான்.

“அந்த மச்சானை நம்பறீங்களா ஜெயபால்?”

“என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? கூடப் பொறந்தவன் மாதிரி அவன்.”

“அதனாலதான் கேக்கறேன். நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு நடந்தா, ஆறு பேர் பண்ற பாவமும் அவர் தலையிலதான் விடியும். பரவாயில்லையா?”

அவர் திருதிருவென்று விழித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவருக்காக மட்டும் இல்லை, திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் கம்பெனி வைத்துக்கொண்டு, “எங்க ஆளுங்க எல்லாம் சொக்கத் தங்கம், எங்களுக்கு எதுக்கு ரெண்டு பூட்டு?” என்று கேட்கிற முதலாளிகள் எல்லோருக்காகவும்.

என் பெயர் வசந்தா. துவாக்குடியில் ஒரு தனியார் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வந்தது, அதைக் கற்றுக்கொண்டேன். கடைசியில் சிஸ்டம்ஸ் மேனேஜர் என்ற பெயரோடு ஓய்வு பெற்றேன். மின் நிலையங்களில் இருக்கும் கொதிகலன்களுக்குப் பெரிய பெரிய குழாய்களை வெல்டிங் செய்து அனுப்புவதுதான் கம்பெனியின் தொழில். வீட்டில் எனக்குப் ‘போலீஸ்காரி’ என்று பெயர். பால் பாக்கெட்டைக் கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். ஆட்டோக்காரர், “மாம்பழச்சாலை வழியா போயிடறேம்மா” என்றால் ஏன் என்று கேட்பேன். “எமனே வந்து கூப்பிட்டாலும் இவ அடையாள அட்டை கேப்பா” என்று என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். கேட்பேன். அதில் என்ன தப்பு?

பிறவியிலேயே கொஞ்சம் இருந்த இந்தப் புத்தியைச் சாணை பிடித்துக் கொடுத்தவர் காதர் சார். ஸ்டோர்ஸையும் டிஸ்பாட்ச்சையும் பார்த்துக்கொண்ட மேனேஜர். பாலக்கரையில் வீடு. வெள்ளை முழுக்கைச் சட்டை, லேசாக அத்தர் வாசனை, சத்தமே போடாத குரல். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எங்கிருந்து ஃபோன் வந்தாலும் சொல்வதை முழுக்கக் கேட்டுக்கொள்வார். நடுவில் குறுக்கே பேச மாட்டார். கடைசியில், “சரிங்க, நீங்க வெச்சிடுங்க. நான் கூப்பிடறேன்” என்பார். வைத்துவிட்டு, தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பருக்குத் தன் விரலால் டயல் செய்து, அந்த ஆளிடமே மறுபடி முதலிலிருந்து கேட்பார்.

கம்பெனியை ஆரம்பித்த பெரிய முதலாளி கூப்பிட்டாலும் இதே மரியாதைதான். ஒருநாள் பெரியவர் கடுப்பாகிவிட்டார். “யோவ் காதர், என் குரல் உனக்குத் தெரியலையா?” என்று அவர் போட்ட கூச்சல் ரிசீவரைத் தாண்டி என் டைப்ரைட்டர் வரைக்கும் கேட்டது.

“நல்லாத் தெரியுதுங்க ஐயா. உங்க குரல் தெரிஞ்ச ஆளுங்க ஊர்ல நிறைய இருக்காங்களே, அதனாலதான் வைக்கச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு வைத்தே விட்டார். மறுபடி இவர் டயல் செய்தபோது பெரியவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆள் கிறுக்கு என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வோம். அப்புறம் ஒருநாள், வாடிக்கையாளர் ஸ்டோர்ஸிலிருந்து பேசுவதாக ஒருவர் கூப்பிட்டார். அவசரமாக அலாய் பைப் தேவைப்படுகிறது, எங்கள் வேன் கிளம்பிவிட்டது, டிரைவரிடம் கடிதம் இருக்கிறது, ஏற்றி அனுப்பிவிடுங்கள் என்றார். சொன்னபடியே வேன் வந்தது. கடிதமும் இருந்தது, சீலும் கையெழுத்தும் கனகச்சிதம். கடிதத்திலேயே ஒரு ஃபோன் நம்பரும் இருந்தது. சந்தேகம் இருந்தால் இந்த நம்பரில் கேட்டுக்கொள்ளலாம் என்று டிரைவரே எடுத்துக் கொடுத்தான். காதர் சார் அந்த நம்பரைப் பார்க்கவே இல்லை. தனக்குத் தெரிந்த நம்பரில் கூப்பிட்டார். “நாங்க வேனே அனுப்பலையே” என்றார்கள் அங்கே. இவர் ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வருவதற்குள் வேன் ரிவர்ஸ் எடுத்துப் பறந்துவிட்டது.

“ஒருத்தன் யாருன்னு பார்க்கணும்னா, அவன் காட்டற வழியிலேயே போய்ப் பார்க்காதம்மா” என்றார் என்னிடம். அவ்வளவுதான் சொன்னார். பிறகு டீ வரவில்லையே என்று விசாரிக்கப் போய்விட்டார். இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்று இப்போது பெரிய பெரிய கூட்டம் போட்டுப் பேசுகிறார்களே, நான் அதன் அரிச்சுவடியைப் படித்தது அன்றைக்குத்தான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அதையும் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். வெல்டிங் முடிந்ததும் ஒட்டுப்போட்ட இடத்தை எக்ஸ்ரே எடுப்பார்கள், நம் எலும்புக்கு எடுப்பதுபோல. ஃபிலிமைப் பார்த்துத் தரக்கட்டுப்பாட்டு எஞ்சினியர் சரி என்றால்தான் அது வெளியே போகலாம். சரி என்பதை இரண்டு விதமாகச் சொல்லவேண்டும். ஒன்று, காகிதத்தில் கையெழுத்து. இன்னொன்று, இரும்பு பஞ்ச். ஒவ்வொரு எஞ்சினியருக்கும் தனக்கென்று ஒரு குறி செதுக்கிய பஞ்ச் உண்டு. குழாயைப் பழந்துணியால் துடைத்து, பஞ்சை நிறுத்தி, சுத்தியலால் ஒரே போடு. பஞ்சை இடுப்பிலேயே கட்டிக்கொண்டு திரிவார்கள். காகிதம் வந்தாலும் காதர் சார் நேரே குழாயிடம் போய், குனிந்து, அந்தக் குறியை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் டிரெய்லரை விடுவார்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. சாப்பிடப் போகும்போது பஞ்சை உதவியாளன் கையில் கொடுத்துவிட்டுப் போன புண்ணியவான்களையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒன்று. காகிதம் ஆபீஸில் இருந்தது, பஞ்ச் ஆளின் இடுப்பில் இருந்தது. ஏமாற்ற நினைப்பவன் இரண்டு இடத்துக்கும் போயாகவேண்டும்.

காதர் சார் ஓய்வு பெற்றார். பெரியவர் காலமானார். மகன் எம்.டி. ஆனார். எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போனது. பஞ்ச் குறி போய், குழாயில் பெயின்டால் எண் எழுதினால் போதும் என்று ஆனது. எஞ்சினியர் தன் பெயரில் நுழைந்து ‘ரிலீஸ்’ என்ற பட்டனை அழுத்தினால் போதும், கேட்டில் டிரெய்லருக்கு வழி கிடைத்துவிடும். இரண்டு இடத்தில் இருந்தது ஒரு பாஸ்வேர்டில் அடங்கிவிட்டது.

அந்த பாஸ்வேர்டுகளின் லட்சணத்தை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். எங்கள் ஊரில் எதை ஆரம்பித்தாலும் சாமி பெயரைச் சொல்லித்தானே ஆரம்பிப்போம்? பாஸ்வேர்டுக்கும் அதே கதிதான். ரங்கா, சமயபுரத்தாள், முருகன், வயலூரான், மாதா. கூட ஒரு நம்பர். மூன்று மாதத்துக்கொரு முறை மாற்றச் சொன்னால், சாமியை மாற்ற மனசு வராமல் நம்பரை மட்டும் மாற்றுவார்கள். ஒருவருடைய பாஸ்வேர்டைத் தெரிந்துகொள்ள மந்திரம் மாயம் எதுவும் வேண்டாம். அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எந்தப் படம் இருக்கிறது என்று பார்த்தால் போதும். நான் கூட்டம் போட்டுக் கத்தினேன். “சாமி பேரை எடுத்துட்டு என்ன மேடம் வைக்கறது? பிசாசு பேரையா?” என்று கேட்டார்கள்.

அப்புறம்தான் ஓ.டி.பி. வந்தது. நாங்களாகக் கொண்டுவரவில்லை, வாடிக்கையாளர் நிபந்தனை போட்டார். எனக்கு வாயெல்லாம் பல். பஞ்ச் திரும்பி வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் எங்கள் ஷாப் ஃப்ளோருக்குள் செல்ஃபோன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பெண் எஞ்சினியர்களும் தங்கள் சொந்த நம்பரைக் கொடுக்கத் தயங்கினார்கள். அதற்கப்புறம் கண்ட நேரத்தில் கண்டவர்கள் கூப்பிடுவார்கள், அவர்கள் தயங்கியதும் நியாயம்தான். எம்.டி. சுலபமாக ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரே ஃபோன், ஒரே சிம். எல்லோருடைய ஓ.டி.பி.யும் அதற்கு வரட்டும். கோயிலில் நிற்கும்போது மெசேஜ் வந்தால் தொந்தரவு என்று தன்னுடையதையும் அந்த நம்பருக்கே மாற்றிக்கொண்டார்.

“சார், ரெண்டு பூட்டு போட்டு ரெண்டு சாவியையும் ஒரே ஆணியில மாட்டற மாதிரி இருக்கு” என்றேன். எழுதியும் கொடுத்தேன்.

“உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம் வசந்தா மேடம்” என்று சிரித்தார். “ரிசப்ஷன்ல வைப்போம். எல்லார் கண்ணும் இருக்கும்ல.”

ரிசப்ஷனில் காலியாக இருந்த ஒரே பிளக் பாயின்ட், சாமி படத்துக்குச் சீரியல் விளக்கு போடுவதற்காக வைத்தது. ஆக, ஃபோன் சாமி படத்துக்குக் கீழே இருந்த பலகையில் வந்து உட்கார்ந்தது, ஒரு பக்கம் திருநீற்றுத் தட்டு, மறுபக்கம் சூடத் தட்டு. ஓ.டி.பி. வேண்டும் என்பவர்கள் இன்டர்காமில் கேட்பார்கள், ரிசப்ஷனில் இருந்த கிரேஸி சத்தமாகப் படித்துச் சொல்வாள். அவள் இல்லையென்றால் அவரவர் வந்து பார்த்துக்கொள்வார்கள். “சாமி முன்னாடி இருக்கு மேடம், எவன் தப்புப் பண்ணுவான்?” என்பது எல்லோருடைய வாதமும். சாமி முன்னாடி செருப்பே காணாமல் போகிற ஊரில் இருந்துகொண்டு இப்படிப் பேசினால் நான் என்ன செய்ய?

இனி தேன்மொழி. முசிறிக்காரி. வாழை விவசாயக் குடும்பத்தில் முதலில் எஞ்சினியரிங் படித்த பெண். தரக்கட்டுப்பாட்டில் இருந்தாள். வேலையில் கறார், பேச்சில் படபடப்பு. என்னை அக்கா என்று கூப்பிடுவாள்.

ஒரு வியாழக்கிழமை, ஹெடர் என்று நாங்கள் சொல்லும் பெரிய குழாய் ஒன்றின் ஃபிலிமைப் பார்த்து, ஒரு ஒட்டில் ‘ரிப்பேர்’ என்று குறித்தாள். உள்ளே கீறல் மாதிரி ஒரு கோடு. தோண்டி எடுத்துவிட்டுத் திரும்ப வெல்டிங் செய்து, திரும்ப எக்ஸ்ரே எடுக்கவேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் சற்று நேரம் வேலை பார்த்துவிட்டு, அண்ணன் குழந்தைக்குக் காதுகுத்து என்று அனுமதி வாங்கிக்கொண்டு முசிறிக்குப் போனாள். திங்கட்கிழமை திரும்பி வந்தவள் ஷாப் ஃப்ளோரில் நின்று கூச்சல் போட்டாள்.

“அந்த ஹெடர் எங்க? அதுல ரிப்பேர் இருக்கே, எங்க போச்சு?”

ஹெடர் போய்விட்டது. வெள்ளிக்கிழமையே டிரெய்லர் ஏறிவிட்டது. கம்ப்யூட்டரில் பார்த்தால், ரிலீஸ் செய்தது தேன்மொழி. அவள் பெயர், அவள் பாஸ்வேர்டு, சரியான ஓ.டி.பி.

உடனே வாடிக்கையாளருக்கு ஃபோன் பறந்தது. நல்லவேளை, ஹெடர் அங்கே போய் இறங்கியிருந்ததே தவிர யாரும் கைவைக்கவில்லை. மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். அதே இடத்தில் அதே கோடு. கொதிக்கிற நீராவி அந்த அழுத்தத்தில் அதற்குள் ஓடி, பக்கத்தில் நாலு ஆட்கள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வாடிக்கையாளர் கேட்டது ஒரே கேள்வி: யார் ரிலீஸ் செய்தது? எம்.டி.யிடம் பதில் தயாராக இருந்தது. அன்று மாலையே தேன்மொழிக்கு சஸ்பென்ஷன். விசாரணை முடிந்ததும் வேலையிலிருந்து நீக்குவதாகவும் ஏற்பாடு. அப்படி நீக்கினால் திருச்சிச் சுற்றுவட்டாரத்தில் ஒரு பட்டறைகூட அவளை எடுக்காது. கீறல் விழுந்த குழாயைத் தெரிந்தே அனுப்பியவள் என்ற பெயர் அவள் போகிற இடத்துக்கெல்லாம் முன்னாடியே போய் நிற்கும்.

இதில்தான் விஷமே இருக்கிறது. வெறும் பாஸ்வேர்டு மட்டும் இருந்த காலமாக இருந்தால், “யாரோ என் பாஸ்வேர்டைத் திருடிட்டாங்க” என்று அவள் சொன்னால் நாலு பேராவது தலையாட்டியிருப்பார்கள். இப்போது, “ஓ.டி.பி. போட்டிருக்கே” என்ற ஒரே வார்த்தையில் வாயடைத்துவிட்டார்கள். அரைகுறையாகப் போட்ட இரண்டாவது பூட்டு திருடனைத் தடுக்கவில்லை. திருடாதவளைத்தான் உள்ளே வைத்துப் பூட்டியது.

அறிக்கை எழுதச் சொல்லி எம்.டி. என்னைக் கூப்பிட்டார். “சிஸ்டம்ல எந்தக் கோளாறும் இல்லைன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுத்துடுங்க, போதும்” என்றார். போதும் என்று ஒருவர் சொன்னால் எனக்கு அங்கேதான் ஆரம்பிக்கும்.

எல்லோரையும் சந்தேகப்பட்டேன். முதல் ஆளாக, உற்பத்தி மேனேஜர் குணசேகரன். டிஸ்பாட்ச் தாமதமானால் அவர் தலைதான் உருளும். அதைவிட முக்கியம், மனுஷன் சாமி கும்பிடாதவர். ரிசப்ஷனில் வாராவாரம் நடக்கும் வெள்ளிக்கிழமைக் காலைப் பூஜை நேரத்தில் கேன்டீன் பக்கம் ஒதுங்கிவிடுவார். அந்த வெள்ளிக்கிழமை மட்டும் சாமி படத்துக்கு முன்னால் நின்றார் என்று கிரேஸி சொன்னாள். நேரே போய்க் கேட்டேன்.

“என் ஃபோனுக்கு சார்ஜ் போட வந்தேன் மேடம்” என்றார். “சாமிகிட்ட கரன்ட் மட்டும்தான் கேட்டேன், வரம் கேக்கலை.”

சிரித்தேன். நம்பினேனா? இல்லை. எம்.டி.யையும் நம்பவில்லை, தாமதமானால் நஷ்டம் அவருக்கு. டிஸ்பாட்ச் ஆட்களையும் நம்பவில்லை. ஏன், தேன்மொழியையே நம்பவில்லை. யாராவது நெருக்கியிருக்கலாம், இவளும் ஊருக்குப் போகிற அவசரத்தில் அழுத்திவிட்டு, திங்கட்கிழமை பயந்துபோய்த் தானே கத்தியிருக்கலாம். அவள் கிளம்பியது பூஜைக்கு முன்பா பின்பா என்று கிரேஸியிடம் கேட்டேன். தெரியாது என்றாள். அவளை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போன கம்பெனி வேன் டிரைவரிடமும் கேட்டேன். அவருக்கும் நினைவில்லை, கேட் நோட்டிலும் நேரம் எழுதியிருக்கவில்லை. ரிலீஸ் ஆன நேரம் சரியாகப் பூஜை நேரம். அழுத்திய கம்ப்யூட்டர், நடைபாதையில் எல்லோரும் பயன்படுத்தும் பொதுக் கம்ப்யூட்டர். கேமரா இருக்கிறதே என்று கேட்பீர்கள். ரிசப்ஷன் கேமரா வாசலைப் பார்த்து வைத்திருந்தது. சாமி படம் அதற்கு நேர் கீழே.

“கிரேஸி, அன்னைக்குப் பூஜையப்ப அந்த ஃபோனை யார் யார் எடுத்தாங்க?”

“எப்படி மேடம் சொல்றது? நான் சுண்டல் குடுத்துட்டு இருந்தேன். சூடத்தைத் தொட்டுக் கும்பிடறவங்க, திருநீறு எடுக்கறவங்க, ஃபோனைப் பார்க்கறவங்க, எல்லார் கையும் அந்தப் பலகை மேலதானே போச்சு?”

சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. அவளுக்கும் பயம், தன் மேல் வந்து விடியுமோ என்று. பாவம், வேளாங்கண்ணி மாதாவைக் கும்பிடுகிறவள், எங்கள் சாமிக்கு வாரா வாரம் சுண்டல் கிண்டிக் கொடுத்ததற்குக் கிடைத்த பலன் இது.

மறுநாள் விசாரணை. எம்.டி. அறை. எம்.டி., குணசேகரன், நான், எதிரே தேன்மொழி. அவள் அழவில்லை, அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள்.

“சத்தியமா நான் பண்ணலை சார். என் தங்கச்சிமேல வேணா சத்தியம் பண்றேன்.”

“சத்தியம் எல்லாம் வேண்டாம்மா” என்றார் எம்.டி. “பாஸ்வேர்டு உன்னுது. ஓ.டி.பி. போட்டிருக்கு. அப்புறம் வேற யாரு? வசந்தா மேடம், ரிப்போர்ட் எங்க?”

“எடுத்துட்டு வரேன் சார், ஒரு நிமிஷம்” என்று வெளியே வந்தேன்.

சஸ்பென்ஷன் உத்தரவுகூட அதே சாஃப்ட்வேரில்தான், எம்.டி. பெயரில் ஒப்புதல் போட்டுத்தான் வந்திருந்தது. சிஸ்டம்ஸ் மேனேஜர் என்ற என் அதிகாரத்தை வைத்து எதையும் திறக்கக் கூடாது, வழியோடு போகிற யாராலும் முடிகிற மாதிரிதான் திறக்கவேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். கிரேஸியின் நாற்காலியில் உட்கார்ந்து எம்.டி. பெயரை அடித்தேன். பாஸ்வேர்டுக்கு அவர் காரை நினைத்துக்கொண்டேன். பின்கண்ணாடியில் பெரிய எழுத்தில் பெருமாள் பெயர். கூட கார் நம்பர். முதல் தடவை திறக்கவில்லை. சின்ன எழுத்து, பெரிய எழுத்து மாற்றி அடித்தேன். திறந்துகொண்டது. பின்னால் பலகையில் ஃபோன் சிணுங்கியது. எட்டி எடுத்தேன், விரலில் திருநீறு ஒட்டியது. எண்ணைப் பார்த்து அடித்தேன். கிரேஸி வாயில் கைவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். எம்.டி.யின் கம்ப்யூட்டரில் ஒரு மெயில் வந்த சத்தம் கேட்டது. திரும்பிப் படித்தார். மறுபடி படித்தார்.

“என்னது இது? சஸ்பென்ஷன் ரத்துன்னு வந்திருக்கு? யார் ரத்து பண்ணது?”

“நீங்கதான் சார்” என்றேன்.

“நானா? நான் இங்கதானே உட்கார்ந்திருக்கேன்!”

“பாஸ்வேர்டு உங்களுது. ஓ.டி.பி. போட்டிருக்கு. அப்புறம் வேற யாரு சார்?”

குணசேகரனுக்குப் புரை ஏறியது. எம்.டி.யின் முகம் சிவந்து, பிறகு அந்தச் சிவப்பும் போய்விட்டது.

“வசந்தா மேடம், இதுக்கு உங்கமேல நான் ஆக்‌ஷன் எடுக்கலாம், தெரியும்ல?”

“தாராளமா எடுங்க சார். ஆனா நான்தான் பண்ணேன்னு சிஸ்டத்தை வெச்சு எப்படி நிரூபிப்பீங்க? இதைத்தான் நான் ரிப்போர்ட்ல எழுதப்போறேன்.”

தேன்மொழி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எம்.டி. எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றார். கெட்டவர் இல்லை அவர், நம்பிக் கெட்டவர். திரும்பி வந்து, “ரத்து ரத்தாவே இருக்கட்டும்” என்றார். வாடிக்கையாளருக்கு உள்ளதை உள்ளபடி எழுதினோம். வாங்கிக் கட்டிக்கொண்டோம். ஆறு மாதம் புது ஆர்டர் இல்லை.

அந்த வாரமே பலகையிலிருந்து ஃபோனை எடுத்தோம். ஆளுக்கொரு சின்னக் கருவி வந்தது, சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்கிற மாதிரி. அதில் தெரியும் எண்தான் ஓ.டி.பி., சற்று நேரத்துக்கொரு முறை மாறும். செல்ஃபோன் இல்லை என்பதால் ஷாப் ஃப்ளோருக்கும் கொண்டுபோகலாம். எல்லோருக்கும் அதை இடுப்பில் மாட்டிக்கொள்ளச் சொன்னேன். பாஸ்வேர்டு மனசில் இருப்பது. திருட்டுப் போனாலும் திருட்டுப் போனது தெரியாது. இடுப்பில் இருப்பது காணோம் என்றால் அந்த நிமிஷமே கை தடவிப் பார்க்கும். ஜெயபாலுக்கு நான் சொன்னதும் இவ்வளவுதான். “பட்டறையைத் திருடன்கிட்டேருந்து காப்பாத்தறது ஒரு பக்கம் இருக்கட்டும். உங்க ஆளுங்களை வீண்பழியிலேருந்து காப்பாத்துங்க. ஆறு பேர்னா ஆறு.”

தேன்மொழி வேலைக்குத் திரும்பிய அன்று என்னிடம் நேரே வந்தாள். நன்றி சொல்வாள் என்று பார்த்தால் முகத்தை உர்ரென்று வைத்திருந்தாள்.

“நீங்களும் என்னைச் சந்தேகப்பட்டீங்களாமே அக்கா? நான் எப்பக் கிளம்பினேன்னு கிரேஸிகிட்டயும் டிரைவர்கிட்டயும் விசாரிச்சீங்களாம்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஆமா, விசாரிச்சேன். உன்னை நம்பினவங்க எல்லாம் ‘ஐயோ பாவம் தேன்மொழி’ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாங்கடி. சந்தேகப்பட்டவ ஒருத்திதான் போய் அந்த ஃபோனை எடுத்துப் பார்த்தா.”

அவள் விருட்டென்று திரும்பிப் போய்விட்டாள். ஆனால் மறுநாள் முசிறியிலிருந்து வந்த வாழைத்தார் ஒன்று என் மேசைக்கு அடியில் இருந்தது.

அந்த பட்டனை அழுத்தியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. தெரியவே வழியில்லை. தேன்மொழி படிப்படியாக உயர்ந்தாள். இன்றைக்கு அங்கே தரக்கட்டுப்பாட்டுக்கே அவள்தான் தலைவர். ஆனாலும் புதிதாக வருகிறவர்களுக்கு யாராவது காதோடு காதாகச் சொல்லிவிடுவார்கள். நெருப்பில்லாமல் புகையுமா என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்வார்கள். அவள் காதிலும் அது விழும்.

நான் ஓய்வு பெற்ற அன்று கேன்டீனில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். எம்.டி. பேசினார், குணசேகரன் சால்வை போட்டார், டிஸ்பாட்ச் ஆட்கள் சேர்ந்து ஒரு குத்துவிளக்கு கொடுத்தார்கள். எல்லோரும் கேசரி சாப்பிடப் போன பிறகு தேன்மொழி வந்தாள். கையில் அவள் வாங்கிய சால்வை, பிரிக்காமல் இருந்தது.

“அக்கா, ஒண்ணு கேக்கலாமா? அன்னைக்கு அந்த ரிலீஸை நான் பண்ணலைன்னு நீங்க நம்பறீங்களா?”

“நீ பண்ணலைன்னுதாம்மா நெனைக்கிறேன்.”

“நெனைக்கிறீங்க.”

“ஆமா.”

“தெரியாது, இல்ல?”

பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷமாகக் காத்திருந்தாள் என்பது அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஆனால் தெரியாததைத் தெரியும் என்று என் வாயால் சொல்ல வரவில்லை.

“தெரியாதும்மா” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். சால்வையைப் பிரித்து என் தோளில் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்துச் சரி செய்தாள்.

“எனக்கு மட்டும்தான் தெரியும்க்கா” என்றாள்.